முற்றம் காயட்டும்

என் மாமனார் என்னை ஒருநாளும் மரியாதை இல்லாமல் கூப்பிட்டதில்லை. "மாப்ளே, நீரு கொஞ்சம் இங்க வாரும்" என்பார். அந்த 'வாரும்'-க்குள் ஒரு செருப்பு இருக்கும். நாகர்கோவிலில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பைனான்ஸ் கம்பெனியை ஒருநாள் காலையில் இழுத்து மூடிவிட்டார்கள். கல்யாணமான புதிது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு திருவனந்தபுரத்தில் மாமனார் வீட்டில் போய் இறங்கினோம். அந்தக் கொஞ்ச நாள் ஓணத்துக்கு மேல் ஓணமாக நீண்டுகொண்டே போனது.

மாமனாருக்குச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். என் மனைவி ஒரே மகள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். "மக்ளே, மாப்ளைக்கு இன்னொரு பப்படம் போடு. பகல் பூரா பேப்பர் படிச்சுக் களைச்சிருப்பாரு" என்பார் மாமனார். அவள் போடுவாள், என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கடித்தால் சத்தம் கேட்குமே என்று பப்படத்தைச் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றவன் நான். கடையில் உட்காருகிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "கம்பெனியையே மூட வெச்ச கை. கல்லாப்பெட்டி பக்கம் வேண்டாம்" என்றார். என்னவோ அந்தக் கம்பெனியை நான்தான் தின்று ஏப்பம் விட்ட மாதிரி.

அப்போது ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளும், அதில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கான பிளாட்டுகளும் முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு மழைக்காலம் போதும், கார் நிறுத்துகிற கான்கிரீட் தரையெல்லாம் பாசி பிடித்துக் கறுத்துவிடும். மாமனாருக்கு வியாபார மூக்கு. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிற மெஷீன் ஒன்றை வாங்கிப் போட்டார். கூடவே தரை கழுவ ஒரு வட்டத் தட்டு. அண்டா மூடியைக் கவிழ்த்துக் கைப்பிடி வைத்தது போல இருக்கும். அடியில் ஒரு கம்பி சுழலும். அதன் இரண்டு முனையிலும் இருக்கிற நாசிலிலிருந்து தண்ணீர் ஊசியாகப் பாயும். தள்ளிக்கொண்டு நடந்தால் போதும், கறுப்புத் தரை வெளுத்துக்கொண்டே வரும்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே மாமனார் சொன்னார். "மாப்ளே, கறுத்துக் கெடக்குற நம்ம சிமெண்ட் முற்றத்தை இதை வெச்சுக் கழுவிக் காட்டும். கோடு கீடு விழாம வெளுத்துதுன்னா மெஷீன் உமக்கு. கழக்கூட்டத்துல ஒரு பிளாட்டுக்காரங்க என்கிட்ட கேட்டிருக்காங்க, அந்தக் கான்ட்ராக்டும் உமக்கு. அங்கேயே ஒரு வீடு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போங்க."

அன்று அறைக்குள் வந்ததும் மனைவி கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். "எப்படியாவது செஞ்சிருங்க. எனக்கு எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும். அதுல நான் வெந்நீர் வெச்சாக்கூட அது என் வெந்நீரா இருக்கணும்" என்றாள். அவளுக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் கழுவினேன். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சுவரோரத்திலிருந்து கேட் வரை போவேன், திரும்புவேன், பக்கத்தில் அடுத்த நடை. அடேயப்பா, என்ன வேகம்! நனைந்த தரை பளபளவென்று ஒரே நிறமாகக் கிடந்தது. மனைவி படியில் நின்று சிரித்தாள். நான் மெஷீனை நிறுத்திவிட்டு, ராஜா மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"கொள்ளாமே! நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமனார். "காயட்டும், பாப்போம்."

வெயில் ஏற ஏறத் தரை காய்ந்தது. முதலில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. நான் நடந்த நடையெல்லாம், வளைந்த வளைவெல்லாம், முற்றம் முழுக்க வரிவரியாகக் கிளம்பி வந்தன. பதறிப்போய்க் கோட்டின் மேலேயே மறுபடி தட்டை ஓட்டினேன். அதன் இரண்டு பக்கமும் புதுசாக இரண்டு கோடு. மாமனார் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தார்.

"மதி, மதி, போதும். நல்லா வரைஞ்சிருக்கீரு. கெடக்கட்டும். வாரவன் போறவன்லாம் பாக்கட்டும்."

இன்னொரு தடவை கழுவுகிறேன் என்று கெஞ்சினேன். மெஷீனைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் கோடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோட்டுக்குக் கோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "நம்ம மாப்ளை செஞ்ச வேலை. பி.காம். படிச்சவரு." வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் என்னைப் பாவம் பார்ப்பார்கள். அது அதைவிட மோசம். நான் உள்ளே அறையில் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். நாசமாய்ப் போக என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். மனசார.

ஒருநாள் ஏதோ வேலையாகக் கடைக்குப் போனபோது, மெஷீனை விற்ற கம்பெனி ஆள் சர்வீசுக்கு வந்திருந்தான். மலையாளி. மாமனார் கல்லாவில் இல்லை. கோடு ஏன் விழுகிறது என்று அவனைக் கேட்டேன்.

"மெஷீன் தந்த அன்னைக்கே சாருகிட்ட எல்லாம் பறஞ்சேனே" என்றான். "ரெண்டு நாசிலும் திறந்திருக்கான்னு முதல்ல நோக்கணும். ஒண்ணு அடைஞ்சா கோடுதான். ஒரு நடையில பாதி மேல ஏறித்தான் அடுத்த நடை வரணும். ஓடப்பிடாது, மெள்ளப் போகணும். சார் நாற்காலியில இருந்து எல்லாம் கேட்டாரல்லோ."

கேட்டிருக்கிறார்! கேட்டுவிட்டு, வீட்டிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிவாள்மணையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். மீதிக் காயையும் ஒரே அளவாக நறுக்கி முடித்தாள்.

ஐப்பசி பிறந்து துலா மாத மழை வந்தது. சாயங்காலமானால் இடி, பிறகு கொட்டும். கழுவிய இடம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. கழுவாமல் விட்ட கோடுகளில் பழைய பாசி ஊறித் தடித்துப் பச்சையாக எழும்பியது. முன்பு கறுப்பு வரியாக இருந்தது இப்போது மெத்தை வைத்த வரி.

"வழுக்கும் மாமா, பாத்து" என்று ஒருமுறை சொன்னேன்.

"எனக்கா? நான் ஆளை வெச்சுப் போட்ட முற்றம் இது. வழுக்குறவன் நீரு."

திருநெல்வேலியிலிருந்து பெயிண்ட் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் புதிதாக வந்திருந்தார். அவருக்கும் படம் காட்ட வேண்டுமே. மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இங்க பாத்தியளா, இதுதான் நம்ம மாப்ளை..." என்று குனிந்து காட்டியவரின் செருப்பு அந்தப் பச்சைக் கோட்டின் மேல் போனது. அவ்வளவுதான். படீரென்று இடுப்பு தரையில் அடித்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். அடக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கினேன்.

இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு கட்டிலிலிருந்து கக்கூசுக்கு, கக்கூசிலிருந்து கட்டிலுக்கு என்று அவரைத் தூக்குகிற வேலை எனக்கு. கனத்த உடம்பு. என் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் வாய் மட்டும் ஓயாது. "பாத்துத் தூக்கும் மாப்ளே. எம்மேல கோடு விழுந்திரப் போவுது." போட்டுவிடலாமா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மழை விட்டபிறகு மனைவி அவர் கட்டிலருகே போய் நின்றாள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தேன்.

"அப்பா, முற்றத்தைக் கழுவணும். இன்னொருத்தர் விழுந்தா நம்ம தலையிலதான் வரும்."

"கழுவட்டும். ஆனா நான் பாக்கணும்."

"பாருங்க. அன்னைக்குச் சொன்ன பேச்சுதானே? கோடு விழலன்னா மெஷீனும் கான்ட்ராக்டும் எங்களுக்கு."

அவருக்குச் சிரிப்பு. "அதே பேச்சுதான். நான் வாக்கு மாறுறவனா?"

கடையிலிருந்து மெஷீன் வந்தது. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு நாசிலில் மணல்துகள் ஒன்று சிக்கிக் கிடந்தது. மனைவி தாலிச் சங்கிலியில் கோர்த்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குத்தி எடுத்தேன். பச்சைக் கோடுகளின் மேல் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டுத் தேய்த்தோம். பிறகு மெள்ள நடந்தேன். எவ்வளவு மெள்ள என்றால், பொணம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்கூட என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஒவ்வொரு நடையும் முந்தைய நடையின் பாதியில் ஏறி வந்தது. நீளவாக்கில் முடித்துக் குறுக்காகவும் ஒருமுறை. கடைசியில் அழுக்குத் தண்ணீர் எங்கேயும் தேங்கிக் காயாதபடி கேட் பக்கமாக அலசி விட்டேன்.

மாமனாரைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தேன். தரை நனைந்து மினுங்கியது.

"காயட்டும்" என்றார்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் முற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஏறியது. கேட் ஓரம் காய்ந்தது. நடு காய்ந்தது. சுவர் ஓரமும் காய்ந்தது. ஒரு கோடு இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்றார். தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். குனியவேண்டும் என்றார், அவரோடு சேர்ந்து நானும் குனிந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொள்ளாம்" என்றார். முதல்தடவையாக அதில் கேலி இல்லை. "மெஷீனை எடுத்துக்கிடும். கான்ட்ராக்டும் பாரும். ஆனா இங்கேருந்தே போயிட்டு வரலாம்லா? நீரு அங்க போயிட்டா என்னைத் தூக்க ஆளு?"

அவரை அப்படியே கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். எங்கள் வீடு, அவளுடைய அடுப்பு, எல்லாம் அந்தக் கனத்த உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு நசுங்குவது மாதிரி இருந்தது.

"ஆளு வெச்சாச்சுப்பா" என்றாள் அவள். "ஏஜென்சியில சொல்லி ஒரு ஹோம் நர்ஸ். நல்ல தடிமாடு கணக்கா பையன், நாளைக்குக் காலையில வந்திருவான். நாங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவோம்."

"மக்ளே..."

"நீங்க வாக்கு மாறுறவங்க இல்லியேப்பா."

கழக்கூட்டத்தில் அவள் மாடிவீட்டுக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்து வைத்திருந்தாள். கோடு விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு கேட்டேன். அப்போதும் போயிருப்பேன் என்றாள்.

மறுநாள் சாமான் ஏற்றப் பெட்டி ஆட்டோ வந்தது. வெளியே குழாய் போட ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி ஒரு மழையும் பெய்திருந்தது. வண்டி செம்மண் சேற்றை அப்பிக்கொண்டு உள்ளே வந்தது. மெஷீனையும் இரண்டு பெட்டியையும் ஏற்றி, நாங்களும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஹோம் நர்ஸ் மாமனாரை வெளியே நாற்காலியில் கொண்டுவந்து வைத்திருந்தான். வண்டி திரும்பிக் கேட்டைத் தாண்டும்போது பார்த்தேன். வெளுத்த முற்றத்தின் நடுவே, படியிலிருந்து கேட் வரை, மூன்று சக்கரத்துக்கும் மூன்று சிவப்புக் கோடு.

"மாப்ளே!" என்று கத்தினார் மாமனார். "கோடு! கோடு விழுந்திருக்கு பாரும்! மாப்ளே!" நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

எனக்குக் கை துறுதுறுத்தது. மெஷீன் காலடியில்தான் கிடந்தது. ஒரு அலசு அலசினால் போய்விடும். வண்டியை நிறுத்தச் சொல்ல எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கெடக்கட்டும்" என்றாள். "வாரவன் போறவன்லாம் பாக்கட்டும்."