பீடத்துக்கு வராத தேங்காய்

எங்கள் அண்ணன் கர்த்தருடைய சமுகத்தில் இளைப்பாறப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் அத்தை என்று அண்ணன் மகன் கேட்டான். பொறுமைசாலி, கைசுத்தமானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதிக் கொடுத்தால் அதில் ஒன்றும் பொய்யிருக்காது. ஆனால் அண்ணனுக்கு அது பிடித்திருக்காது. யாராவது தன்னைப் புகழத் தொடங்கினால் செருப்பைத் தேடுகிற மனிதர் அவர். அவர் ஏன் அப்படி எழுந்து போவார், ஏன் வாழ்நாள் முழுவதும் நற்கருணை மேசைக்குப் போகாமல் கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். மனம் வருத்தப்படுகிறவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், அண்ணனை விட்டுவிடுங்கள்.

அண்ணன் பிறந்தது இருபதுகளின் தொடக்கத்தில், குளச்சல் சாலையில் உள்ள எங்கள் ஊரில். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளை அம்மா மண்ணுக்குக் கொடுத்திருந்தார். அண்ணனுக்கும் கைக்குழந்தையில் ஒரு காய்ச்சல் வந்து, பிழைக்காது என்று வைத்தியர் கைவிட்டு, பிறகு எப்படியோ பிழைத்தது. அதனால் அம்மாவுக்கு அண்ணன் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். தேங்காய் விலை விழுந்து ஊரே சுருங்கிப்போயிருந்த முப்பதுகளில், மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டுதான் அண்ணன் ஆங்கிலப் பள்ளிக்கு நடந்தார்.

இந்த மலரில் ஒரு பள்ளிப் படம் அச்சாகியிருக்கிறது. அதில் அண்ணனுக்குப் பக்கத்தில் சட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டு நிற்கிறவர் சூசையண்ணன். இனயத்துக் கடற்கரைப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தங்கையும். இனயத்திலிருந்து பள்ளிக்குத் தினம் வந்து போக முடியாது என்பதால் கடைசி இரண்டு வகுப்பும் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தார். அவர்கள் கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமை கறி தின்னமாட்டார்கள். மற்ற நாளிலும் எங்கள் வீட்டில் கறி கிடையாது என்பதால் அம்மாவுக்கு அதில் தொந்தரவு இருக்கவில்லை.

அவர்கள் பள்ளியின் கடைசி வகுப்பான சிக்ஸ்த் பாரம் படித்த ஆண்டில் இரண்டாவது உலகச் சண்டை தொடங்கியது. எங்கோ சீமையில் நடக்கிற சண்டைக்கு எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் விலை ஏறியது. ஒரே விளக்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் படித்தார்கள். அண்ணன் சாயாக்கடையில் பத்திரிகை வாசித்துவிட்டு வந்து கப்பல் பெயர்களாகச் சொல்லுவார். பரீட்சை முடிந்ததும் பட்டாளத்தில் சேர்ந்துவிட வேண்டும், சிக்ஸ்த் பாரம் தேறினவனுக்குத் துப்பாக்கி இல்லை, எழுத்து வேலைதான், உலகம் பார்க்கலாம் என்று தொடங்கிவைத்தது அண்ணன்தான். சூசையண்ணனுக்கு மனம் வரவில்லை. அம்மா தனியாக இருக்கிறாள் என்றார். அதற்கு அண்ணன் சொன்னதை நானே கேட்டேன்.

"கட்டுமரத்துல போறவனுக்குக் கப்பல்னா பயமா மக்கா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். சூசையண்ணன் சிரித்தார். பள்ளியின் கடைசி நாளில், படம் எடுத்து முடித்த கையோடு, ஆள் சேர்க்க வந்திருந்தவரிடம் இருவரும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்கள். பரீட்சையிலும் இருவரும் தேறினார்கள். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார், ஆனால் ஒரு வாய் குடிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள எங்கள் சபையின் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். பிள்ளையைக் கர்த்தருடைய ஊழியத்துக்குத் தருவேன் என்று பொருத்தனை செய்கிற தாய், அந்தப் பொருத்தனை நிறைவேறும்வரை ஆண்டுதோறும் ஸ்தோத்திரப் பண்டிகையில் முன்வந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பீடத்தில் ஒரு தேங்காய் வைக்க வேண்டும். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். யார் பொருத்தனை செய்தவர், யார் செய்யாதவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த ஆண்டுப் பண்டிகை ஆராதனையில், பட்டாளத்துக்குப் போகிற நம் வாலிபனுக்காக ஜெபிப்போம் என்று போதகர் ஐயர் அண்ணனை முன்னால் அழைத்தார். அண்ணன் போய் நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தார். அதுவரை சபையில் வாய் திறந்து பாட்டுப் பாடியதைத் தவிர அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இவன் எனக்க பிள்ளை இல்ல ஐயரே. காய்ச்சல்ல கெடந்தப்பவே கர்த்தருக்குன்னு பொருத்தனை பண்ணியாச்சு. பட்டாளத்துக்குக் குடுக்க எனக்கு உரிமை இல்ல."

அம்மா ஓர் ஆண்டுகூடத் தேங்காய் வைத்ததில்லை. அது போதகருக்குத் தெரியும், கமிட்டிக்காரர்களுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். போதகர் அம்மாவைப் பார்த்தார், பிறகு சபையைப் பார்த்தார். எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். ஒருவராவது, அப்படியானால் தேங்காய் எங்கே என்று கேட்கவில்லை. பொருத்தனையை மீறக்கூடாது என்று போதகர் சொல்லி முடித்துவிட்டார். பிறகு அவரே ஆள் சேர்ப்பவரிடம் போய்ப் பேசி அண்ணன் பெயரை நீக்கிக் கொடுத்தார்.

தங்கள் கோவிலில் பூசை முடிந்து வந்து, எங்கள் கோவிலுக்கு வெளியே மாமரத்தடியில் சூசையண்ணன் காத்திருந்தார். அண்ணன் போய் விவரம் சொன்னார். குடுத்து வச்சவன்லே நீ என்று அண்ணன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் இனயத்துக்கு நடந்தார். அடுத்த வாரம் தனியாகப் பட்டாளத்துக்குப் போனார். மலேயாவுக்குக் கப்பலில் போனார் என்று தெரியும். காணவில்லை என்று பிறகு ஒரு சேதி வந்தது. அதற்குப் பிறகு சேதியே இல்லை. அவருடைய அம்மா கடைசிவரை மகனுக்கு மரித்தோர் பூசை வைக்கச் சம்மதிக்கவில்லை.

பொருத்தனைப் பிள்ளை ஆயிற்றே என்று அண்ணனை வேதசாஸ்திரம் படிக்க அனுப்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து, காரணம் சொல்லாமல் அப்பாவின் பள்ளியிலேயே வாத்தியாராகச் சேர்ந்துகொண்டார். கல்யாணம் செய்தார், எங்கள் மதினியை நன்றாக வைத்துக்கொண்டார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஆனால் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று மட்டும் கோவிலுக்கு வரமாட்டார். பையில் ஒரு தேங்காயைப் போட்டுக்கொண்டு இனயத்துக்குப் போய்விடுவார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். சூசையண்ணனின் அம்மா தேங்காயை வாங்கி மூலையில் வைத்தார். பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தார். பிறகு அவர் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார், அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இதற்கு எதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த அம்மா இறந்த பிறகும் தங்கை வீட்டுக்குத் தேங்காய் போவது நிற்கவில்லை.

கடைசிப் படுக்கையில்தான் அண்ணன் வாய் திறந்தார்.

"அம்ம பொய் செல்லுகான்னு அவ எந்திரிச்ச ஒடனே எனக்குத் தெரியும் பிள்ளே. இல்லம்மான்னு ஒரு வார்த்தை செல்லியிருக்கலாம். பயமா இருந்து. அவளுக்க பொய்க்குள்ள நான் ஒளிஞ்சுகிட்டேன். அவன மட்டும் கப்பல்ல ஏத்தி விட்டேன்."

அப்போது உங்களுக்குப் பதினெட்டு வயதுதானே அண்ணா என்றேன். அவனுக்கும் அதுதானே வயசு என்றார்.

அடக்கத்துக்கு இனயத்திலிருந்து சூசையண்ணனின் தங்கை பேருந்து ஏறி வந்திருந்தார். நான் அண்ணன் சொன்னதை அவரிடம் சொல்லி, எங்கள் குடும்பத்தை மன்னித்துக்கொள்ளும்படி கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்க அண்ணனும் வீட்டுக்கு வந்து கேட்டான். அவனுக்க அம்ம பொய் செல்லி காப்பாத்திட்டா, நீயும் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை இருக்குன்னு சாமியாருகிட்ட செல்லும்மா, எனக்குப் போவப் பயமா இருக்குன்னு அழுதான். மாதாவ வச்சுப் பொய் செல்லப்பிடாதுன்னு அம்ம செல்லிட்டா. ஒங்க அண்ணன் தேங்காயோட வரும்போ எல்லாம், ஒரு பொய் செல்லத் தெரியாம பிள்ளையக் கொன்னவ நீன்னு குத்திக்காட்டத்தான் வாறாருன்னு அம்ம நெனச்சா. அதாக்கும் அவரு மொகத்தப் பாக்காதது."

அண்ணனோ, அந்த அம்மா தன்மேல் உள்ள வெறுப்பால்தான் முகம் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். நடுவில் உட்கார்ந்து சாயா குடித்த நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அண்ணனின் நோய்க்காலத்தில் முகம் கோணாமல் பார்த்த மருத்துவருக்கும், கட்டிலைத் தூக்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஜெபித்த போதகருக்கும் சபைக்கும், கல்லறை வெட்டியவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இனயத்திலிருந்து வந்தவருக்கு நன்றி என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேருந்து ஏறும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "இனி ஆரு தேங்காய் கொண்டு வருவா?"

அம்மாவுக்கும் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மா அன்றைக்கு எழுந்து அந்தப் பொய்யைச் சொல்லாதிருந்தால் அண்ணனுக்குக் கல்யாணம் இல்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் அண்ணன் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, நீங்கள் யாரும் இல்லை. சூசையண்ணனுக்கு அப்படி ஒரு பிள்ளையும் இல்லை. ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்குகிறது. எனக்கு இப்போது அவ்வளவு தூரம் நடக்க முடியாது. தேங்காயை இனி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வழி தெரியாதவர்கள் என்னிடம் கேளுங்கள். போனால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.