பளிச்சக்கா வளர்த்த பூஞ்சை

பளிச்சக்கா வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டி அப்படியே அள்ளிச் சாப்பிடலாம் என்பார்கள். ஆஸ்பத்திரி வார்டுகளைத் துடைத்தே பாதி ஆயுளைக் கழித்தவள். கிருமி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கை தானாகவே பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் மாப்பைக் கீழே வைத்துவிட்டு, குத்தகைக்கு நிலம் பிடித்து அமுக்கரா விதைத்தாள். அதன் வேர் மருந்துக் கம்பெனிக்குப் போகும். "இனி எவனும் என்கிட்ட ‘அந்த மூலையைத் துடை'ன்னு சொல்லக்கூடாது." அவ்வளவுதான் அவள் ஆசை. விளைச்சல் கைவிட்டால் மறுபடி அதே மாப், அதே மூலை.

செடி முழங்கால் உயரம் வந்தபோது கிழக்குப் பக்கம் இலைகள் மஞ்சளித்துத் தலை தொங்கின. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறிக் குழைந்து கையோடு வந்தது. வேரழுகல், பூஞ்சையால் வரும் நோய்.

"விஷத்தை வாங்கி ஊத்திட வேண்டியதுதானே?" என்றார் லாரி ஓட்டும் கணவர்.

"மனுஷன் தின்னப்போற வேருங்க. கம்பெனிக்காரன் சோதிச்சுப் பார்த்துட்டு லோடையே திருப்பி அனுப்பிடுவான். பூஞ்சையைப் பூஞ்சையாலதான் அடக்கணும்."

உரக்கடையில் வாங்கிய பொடிக்கு டிரைக்கோடெர்மா என்று பெயர். அது நல்ல பூஞ்சை. மக்கிய சாணத்தோடு கலந்து நிழலில் குவித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் குவியல் முழுக்கப் பச்சை பூக்கும். அதை வேரடியில் இட்டால், வேரை அழுகவைக்கும் கெட்ட பூஞ்சையை அது தலையெடுக்க விடாது.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "பூஞ்சையைத் தேச்சுத் தேச்சுக் கழுவின கைக்கு வந்த வாழ்வைப் பாரேன்! பாலும் சோறும் ஊட்டுவீங்களா அண்ணி?"

"ஊட்டுவேன்டி. கேட்டா தாலாட்டும் பாடுவேன்."

பாடாத குறைதான். நேரம் தவறாமல் தண்ணீர் தெளித்தாள். ஆனாலும் குவியல் கறுப்பாகவே கிடந்தது. வயலிலோ வாட்டம் அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டது.

"போலிப் பொடியை நம்ம தலையில கட்டிட்டான். லாரியைக் கொண்டுபோய் அவன் கடை வாசல்லயே நிறுத்துறேன் பாரு!" என்று எகிறினார் கணவர்.

"கறை போகலைன்னா மாப்பையா திட்டுறது? துடைச்ச கையைப் பார்க்கணும்."

சாக்கை விலக்கி, குனிந்து முகர்ந்தாள். சாண நாற்றத்துக்கு நடுவே இன்னொரு வாடை, கட்டிய புருஷனின் வியர்வையைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. வாளியை முகர்ந்தாள். அதிலும் அதே வாடை. தெளிக்கிற தண்ணீரில் தினமும் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டது வேறு யாருமில்லை, அவள் கைதான். அவளைக் கேட்காமலே போட்டிருக்கிறது.

"அடிப்பாவி! ஊட்டுற பாலிலேயே விஷத்தைக் கலந்திருக்கேனே!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். கோளாறு தன் கையில் என்றால் தீர்வும் தன் கையில்தானே!

அழுகிய செடிகளைப் பிடுங்கி எரித்தாள். புதுப் பொடி, புதுக் குவியல். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைக் கணவரிடம் கொடுத்தாள்.

"என்னையா? கல்யாணம் ஆனதிலிருந்து ‘கையைக் கழுவு, கையைக் கழுவு'ன்னு உயிரை எடுத்தவ நீ!"

"இந்த வீட்டிலேயே அழுக்குக் கை உங்களோடதுதாங்க. அந்த வாளியை நான் தொட்டா என் கையில ஒண்ணு போடுங்க."

"என் அழுக்குக்கும் ஒரு காலம் வந்துச்சு!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

இந்தத் தடவை சாக்கை விலக்கியபோது குவியல் சாம்பல் பூத்திருந்தது. பிறகு பச்சைப்பசேலென்று ஆனது. அள்ளி அள்ளி வேரடியில் இட்டாள். கிழக்குப் பக்கம் போனது போனதுதான். ஆனால் அழுகல் அதற்கு மேல் ஒரு வரிசைகூட நகரவில்லை.

அறுவடையன்று கம்பெனிக்காரர் ஒரு வேரை ஒடித்தார். ‘சடக்'கென்று வெள்ளையாய் முறிந்தது. "அடுத்த போகமும் எங்களுக்கே கொடுத்துடுங்கம்மா" என்றார்.

மாப் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது, சொந்தத் தரைக்கு மட்டும்.

மறுநாள் நாத்தனார் கூடையோடு வந்தாள். அவள் வயலிலும் செடிகள் வாடுகின்றனவாம். "கொஞ்சம் அந்தப் பூஞ்சையைக் கொடுங்க அண்ணி."

"கையைக் கழுவிட்டு வாடி" என்று ஆரம்பித்த பளிச்சக்கா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி, கழுவாமலே வா."