பார்க்காத படத்தின் இசை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் துண்டுக்கடை வைத்திருக்கும் முகம்மது மீரான், அதற்கு முன்னால் துபாயில் ரோமக் கோட்டு விற்றவர். கொதிக்கிற வெயிலில் நரித் தோலையும் கீரித் தோலையும் எவன் வாங்கிப் போடுவான் என்று ஊரில் கேட்காத ஆளில்லை. ரஷ்யாக்காரர்கள் விமானம் ஏறி வந்து வாங்குவார்கள். மீரானுக்கும் முதலில் நம்பிக்கையில்லைதான். பிறகு, "உங்கள் தோளுக்கென்றே தைத்தது" என்று ரஷ்ய மொழியில் சொல்லப் பழகிக்கொண்டார். எல்லாத் தோளுக்கும் அதையேதான் சொன்னார்.

அந்தக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டது கலீனா என்ற ரஷ்யப் பெண்மணி. ஆளில்லாத மத்தியானங்களில் அவர் பாட்டுப் போடுவார். பாட்டென்றால் யாரும் வாய் திறந்து காதல் சொல்கிற பாட்டில்லை. அவருடைய நாட்டு மாயாஜாலப் படங்களுக்கும் பேய்ப் படங்களுக்கும் நூறு பேர் கூடி உட்கார்ந்து வாசித்த பின்னணி இசை. படம் கிடையாது, வசனம் கிடையாது, இசை மட்டும் தனி ஆல்பமாக. முதல் நாள் அதைக் கேட்ட மீரான், ஏசியில் ஏதோ கோளாறு என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்தார். கொஞ்ச காலத்தில் "அந்தப் பச்சை அட்டை சிடியைப் போடுங்கள்" என்று அவரே கேட்கிற நிலைமை வந்துவிட்டது. கடை மூடப்பட்டு எல்லாரும் பிரிந்தபோது, கலீனா அத்தனை சிடியையும் ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி அவர் கையில் கொடுத்தார். ஊர்க்காரர்கள் வளைகுடாவிலிருந்து சென்ட்டும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். மீரான் ஒரு பெட்டி ரஷ்யப் பேய் கொண்டுவந்தார்.

இதில் வேடிக்கை, அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் சஃப்ரின், "வாப்பா, படத்தையே போன்ல எடுத்துத் தாரேன்" என்றாள். மீரான் பதறிவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டால் அந்தப் பேய்க்கு ஒரு முகம் வந்துவிடும், முகம் வந்த பேயிடம் என்ன பயம் என்பது அவர் வாதம். அட்டையில் இருக்கிற ஒரு படத்தையும், எழுத்துக்கூட்டி வாசித்த தலைப்புகளையும் வைத்துக்கொண்டு அவரே முழுக்கதையையும் கட்டிவிடுவார்.

அவருக்கு உயிர் பச்சை அட்டைதான். அதில் ஒரு சதுப்பு நிலம், மரக்குடிசை, வாசலில் ஈரத் தலையோடு ஒரு பெண். ஜமீன்தார் ஒருவன் அவளைச் சதுப்பில் தள்ளிக் கொன்றுவிட்டான், அவள் பேயாக எழுந்து வந்து பழிவாங்குகிறாள் என்பது மீரானின் கதை. ஆளுயர வயலின்கள் அடிவயிற்றிலிருந்து உறுமுவதில் ஆல்பம் தொடங்கும். பிறகு ஆண்கள் கூட்டமாக முனங்குவார்கள். சின்னச் சின்ன மணிகள் சிதறும். தூரத்தில் ஒரு கொம்பு ஊதும். "பேய் வரும்போது டமார்னு அடிக்கிறவன் கத்துக்குட்டி. பேய் வராத நேரத்துல நம்மள பயந்துக்கிட்டே உக்கார வைக்கான் பாரு, அவன்தான் வித்துவான்" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அதை இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்வார். கொம்புக்கு முன்னால் கொம்பு வரப்போகிறது என்பார். வந்த பிறகு வந்துவிட்டது என்பார். இந்தத் தொல்லைக்குப் பேயே தேவலாம் என்று கேட்பவனுக்குத் தோன்றிவிடும்.

விவகாரம் முற்றியது ஹைருன் பீவியால். பேத்தி கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோடு அழைக்க வந்த அந்த அம்மாள், வாசலில் கால் வைத்த நேரம் உள்ளே ஆண்கள் முனங்கத் தொடங்கினார்கள். யாருக்கோ மூச்சு இழுக்கிறது என்று நினைத்தவர், விஷயம் தெரிந்ததும் ஓதிக்கொண்டே செருப்பைத் தேடினார். கலந்து வைத்த சர்பத் அப்படியே இருந்தது.

அன்றைக்கு மீரானின் மனைவி ஜாஹிரா பீவி தீர்ப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு, ஒரு சிடிய மொதல்லருந்து கடைசி வரைக்கும் எந்திரிக்காம கேக்கட்டும். நான் இனிம வாயே தொறக்கல. சீசன் முடியுததுக்குள்ள ஆளு கெடைக்கலன்னா பெட்டி மச்சுக்குப் போயிரும். நீங்க காதுல மாட்டிக் கேட்டுக்கிடுங்க."

"சரி" என்றார் மீரான்.

"நான் கூடவே இருந்து பாப்பேன். இல்லன்னா, உறங்குனவனக் காட்டி ரசிச்சான்னு சொல்லுவிய."

காதில் மாட்டிக் கேட்பது மீரானைப் பொறுத்தவரை தண்டனை. கல்யாணச் சோற்றைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்பது மாதிரி அது. இந்த இசையைத் தன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கேட்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த நாள் முதலாக அவர் வேறொன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை.

முதலில் மாட்டியவர் கீபோர்டு வாத்தியார் கிறிஸ்டி. தேவாலயத்தில் நாலு குரலில் பாடச் சொல்லிக்கொடுக்கிறவர், அவருக்குப் புரியாதா என்று நம்பி மீரான் பிரியாணிக்கு அழைத்தார். ஜாஹிரா கதவோரத்து நாற்காலியில் நடுவராக உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். கிறிஸ்டி கண்ணை மூடி நன்றாகத்தான் கேட்டார். மீரான்தான் ஆண்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள், ஜமீன்தார் எந்த வாசல் வழியாக ஓடுகிறான் என்று விளக்கிக்கொண்டே இருந்தார். பாதியில் கிறிஸ்டி எழுந்துவிட்டார்.

"பாய், தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க பேச்சு நிக்கட்டும், அப்புறம் கேப்போம்னு இருந்தேன். நேரமாயிட்டு."

அடுத்து, துண்டுக்கு ஓரம் அடிக்கிற தங்கசாமி. அவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவது பாட்டிலேயே உறங்கிவிட்டார். சதுப்பிலிருந்து பிணம் எழுகிற இடத்தில், ஆளுயர வயலினுக்குச் சுதி பிசகாமல் குறட்டை விட்டார். "இது செல்லாது" என்றாள் நடுவர். அப்படியும் சிடியை நிறுத்தவில்லை, ஆள் விழிக்கிறாரா என்று கடைசி வரை பார்க்க வேண்டுமாம்.

ஆவணி நெருங்கி, அருவியில் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்தது. மீரானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் சங்கரபாண்டி வந்தார். ஐந்தருவிப் பக்கம் சீசனுக்குப் பழக்கடை போடுகிறவர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"மாப்ள, உம்ம பேய்ப் பாட்டுக்கு ஒரு சோலி இருக்கு" என்றார். "குரங்குவ ரம்புட்டானைக் கொலையோட தூக்கிட்டுப் போவுது. கம்புக்கும் பயமில்ல, வெடிக்கும் பயமில்ல. உம்ம பாட்டுக்கு ஹைருன் பீவியே ஓடுனாகளாம்லா."

மீரானுக்குச் சுருக்கென்றது. கலீனா கொடுத்த இசையைக் குரங்கு விரட்டவா கேட்பது? ஆனால் கையில் நாள் இல்லை.

"மச்சான், கொண்டு வாரேன். ஆனா ஒண்ணு, முழு ஆல்பமும் நீரு எந்திரிக்காம உக்காந்து கேக்கணும்."

"எனக்கென்னவே, உக்காந்து யாவாரம் பாக்கவன்தான நான்" என்றார் சங்கரபாண்டி.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ப்ளூடூத் ஸ்பீக்கரைத் துண்டில் சுற்றிக்கொண்டு மீரானும் ஜாஹிராவும் ஐந்தருவிக்குப் பஸ் ஏறினார்கள். சாரல் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டி ஸ்டூலில் சம்மணம் போட்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி தயாராக இருந்தார். மகள் போனில் ஏற்றித் தந்திருந்த பச்சை அட்டையை மீரான் தொட்டார்.

முதல் உறுமலுக்கே தகரக் கூரையில் இருந்த குரங்குகள் மரத்துக்குப் பாய்ந்தன. சங்கரபாண்டி தொடையைத் தட்டினார். ஈரத் துண்டோடு போன ஒரு மதுரைக் குடும்பம் நின்று, யாராவது செத்துவிட்டார்களா என்று மெதுவாக விசாரித்தது. மங்குஸ்தான் விலை கேட்க வந்த இன்னொருவர் மறந்துபோய் கும்பிட்டுவிட்டுப் போனார். சங்கரபாண்டி அசையவில்லை. வாடிக்கை போனால் போகட்டும், சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மூன்றாவது பாட்டில் குரங்குகள் திரும்பின. திருட வரவில்லை. கூரை விளிம்பில் வரிசையாகக் குந்தி, தலையைச் சாய்த்துக் கேட்டன. இத்தனை நாளில் பேசாமல், உறங்காமல், செருப்பைத் தேடாமல் தன் இசையைக் கேட்ட முதல் கூட்டம் அதுதான் என்று மீரானுக்குக் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சி மிகுதியில் அவர் குரங்குகளுக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

மணிகள் சிதறி முடிந்தன. கொம்பு ஊதி ஓய்ந்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு நீண்ட அமைதி வரும். ஜெயித்துவிட்டோம் என்றே மீரான் நினைத்தார். அந்த அமைதியில்தான் ஒரு கடுவன் குரங்கு இறங்கி வந்து, அவசரமே இல்லாமல், இருந்ததிலேயே பெரிய ரம்புட்டான் குலையைத் தூக்கியது.

"ஏலே, ஏலே" என்று சங்கரபாண்டி ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் கம்போடு பாய்ந்தார்.

மீரான் தலையில் கை வைத்தார். ஆனால் அவருக்கு முன்னால் எழுந்து கத்தியது ஜாஹிரா.

"அண்ணாச்சி, இருங்க. கொம்பு முடிஞ்சிட்டு. இனிம அவன் வாரது ஒண்ணுதான் பாக்கி."

சங்கரபாண்டி அதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டார். மீரான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கதையில் யாரும் வருவது கிடையாது. கடைசிப் பாட்டில் ஜமீன்தார் செத்துக் கிடப்பான், அவ்வளவுதான்.

பந்தயத்தில் தோற்று, பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார்.

"எவன் வாரான்?"

"எவனும் வரல, விடுங்க." பிறகு ஜன்னலைப் பார்த்தபடி அவளே கேட்டாள். "அவ பேயின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அட்டைலதான் இருக்கே. தண்ணில முங்கிச் செத்தவ. ஈரத் தலையோட நிக்கா."

"தலைக்குக் குளிச்சவளும் ஈரத் தலையோடதான் நிப்பா."

மீரான் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"அவ வீட்டுக்காரன் தூர தேசத்துக்குப் போயிட்டான். அந்த ஆம்பளைய கூட்டமா முனங்குதாகள்லா, அது ஊரு. இன்னும் வரலியா, எப்ப வாரான்னு கேட்டுக்கிட்டே கெடக்க ஊரு. கொம்பு ஊதுதுல்லா, அது ரோட்டுல வண்டி வார சத்தம். அவ வாசலுக்கு ஓடியாருதா. வண்டி வேற வீட்டுக்குப் போயிருது. அதான் தூரமாவே கேக்கு."

"கடைசில?"

"கடைசில வாரான். ஆனா அவளுக்கு ஆளு யாருன்னு மட்டுப்படல. பேரச் சொல்லிக் கூப்புடணும், வாய்க்கு வரல. கடைசிப் பாட்டுல ஒத்தைக் குழல் ஒண்ணு ஆரம்பிச்சு ஆரம்பிச்சு நிக்கில்லா, அது அதுதான்."

கல்யாணமாகி மூன்றாம் மாதம் துபாய் போன மீரான், முதல் தடவை ஊர் திரும்ப நாலு வருஷமானது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில், அவர் போன பிறகு பிறந்து மூன்று வயதாகிவிட்ட சஃப்ரினை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஜாஹிரா, தாடியும் தொந்தியுமாக எதிரே வந்தவரைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் பொண்டாட்டிக்கு என்னையவே தெரியல" என்று அவர் அதை எத்தனையோ கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன நினைத்தாள் என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

"அப்படின்னா இது பேய்ப் படமே இல்லியே ஜாஹிரா. குடும்பப் படம்லா."

"ஏன், இதுல பயம் இல்லியா?"

மீரானுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் மூக்கு அடைத்துக்கொண்டது. பழைய பஸ் நிலையம் வருவதற்குள் சமாளித்துக்கொண்டு, "அப்ப நீ முழுசாக் கேட்டிருக்க. பந்தயம் எனக்குத்தான்" என்று சொல்லிப் பார்த்தார்.

"நடுவர் கணக்குல சேராது" என்றாள் ஜாஹிரா.

பேச்சு பேச்சாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே பெட்டி மச்சுக்கு ஏறியது. மீரான் ஏணியைப் பிடித்துக்கொண்டார், அவள் உள்ளே தள்ளினாள். பச்சை அட்டை மட்டும் பெட்டியில் இல்லை.

அந்தியில் மஃரிபு தொழுகை முடிந்ததும் ஜாஹிரா அதைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கதவோரத்து நாற்காலியை இழுத்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். கையில் வெண்டைக்காய் இல்லை, கத்தி இல்லை. மீரான் சிடியைச் சொருகினார். ஆளுயர வயலின்கள் உறுமத் தொடங்கின. அவருக்குச் சும்மா இருக்க முடியுமா?

"இந்த எடத்துல பாரு, இப்ப அந்த..."

"படம் ஓடும்போது பேசாதிய" என்றாள் ஜாஹிரா.