மாற்றி வாங்கிய மூன்றாம் மாடி

குலுக்கலில் எனக்குக் கீழ்த்தளம் விழுந்தது. என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு மூன்றாம் மாடி. அரியலூரில் ஏரிக்கரைக் குடிசைகளைக் காலி செய்த எங்களுக்கெல்லாம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி அது. சீட்டைப் பிரித்ததும் எல்லாரும் எனக்குத்தான் யோகம் என்றார்கள். படி ஏற வேண்டாம், குழாய் வாசலிலேயே இருக்கிறது என்றார்கள். நான் அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்தே, அவள் கையில் எது இருந்தாலும் எனக்கு வயிறு எரியும். அவள் நிறம், அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பு, அவள் பேச்சுக்கு மட்டும் எங்கள் மாமியார் சிரிக்கிற சிரிப்பு. இப்போது மாடியும் அவளுக்கா? கீழ்வீட்டு வாசலுக்கு நேரே சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு. காலையில் துடைத்த தட்டில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். அவளுக்குக் காற்று, எனக்குப் புழுதி.

பால் காய்ச்சிவிட்டால் வீடு அவரவருக்கென்று ஆகிவிடும். அதற்குள் அவளிடம் போய், என் வீட்டுக்காரருக்கு இளைப்பு, புழுதி ஆகாது என்று கூசாமல் சொன்னேன். சிமெண்ட் மூட்டை தூக்குகிற மனுஷன், ஒருநாள் தும்மியதுகூடக் கிடையாது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்றாள். ஆபீசில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். மூன்றாம் மாடியில் என் பால் கிழக்கே பொங்கி வழிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, மோட்டார் படுத்துக்கொண்டது. சரி செய்தாலும் நாலு நாளில் மறுபடி படுத்துவிடும். அப்போதெல்லாம் கீழ்க்குழாயில் மட்டும்தான் தண்ணீர். மேல்வீட்டுப் பெண்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் குடத்தை இறக்குவோம். கீழே யாராவது நிரப்பிக் கட்டினால் இழுத்துக்கொள்வோம். என் குடத்தை நிரப்புகிறவள் அவள்தான். கேட்காமலே செய்வாள். அவள் வாசல் தண்ணீர் தெளித்துப் புழுதி அடங்கிக் கோலத்தோடு இருக்கும். அதைப் பார்த்தாலும் எரியும்.

போன வாரம் மேலே வந்தவள், கயிறு இழுத்துக் காய்த்துப்போன என் கையைப் பார்த்துவிட்டு, "வேணும்னா மறுபடி மாத்திக்கலாம்க்கா" என்றாள். அப்போ அவர் இளைப்பு என்னாவது என்று விறைப்பாகக் கேட்டேன்.

"மாமாவுக்கு இளைப்பெல்லாம் இல்லன்னு அன்னைக்கே தெரியும்க்கா. நீங்க ஆசப்பட்டீங்க, குடுத்துட்டேன்."

எனக்கு வீடு மாற வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை குடத்தை இறக்கினேன். வழக்கம்போல நிரப்பினாள், முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், அண்ணாந்து சிரித்தாள். அவள் வீட்டை வாங்கிவிட்டேன். அந்த மனசை எந்த ஆபீசில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்வது?