ஸ்டெல்லா டீச்சர் அனுப்பாத வாழ்த்து

புது வருஷத்தன்று ஒரு ஆளை வாய்க்கு வந்தபடி வைதேன். பேர் தெரியாது, ஊர் தெரியாது. மார்கழி மாசம், விடியற்காலையில் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த அதே வாயால்!

நடந்ததைச் சொல்கிறேன். கோபம் வருமா வராதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ராஜபாளையத்தில் ஸ்டெல்லா டீச்சர் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். பம்பாயில் இருக்கும் என் மச்சினன் இப்போதெல்லாம் அவருடைய ஈமெயிலுக்குத்தான் எழுதுகிறான். டீச்சர் படித்துச் சொல்வார். எட்டாம் கிளாஸோடு நின்ற எனக்கு அதுவே அதிசயம்.

அன்றைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிப் போனேன். மச்சினன் பேரில் ஒரு மெயில் வந்திருந்தது. 'ஹேப்பி நியூ இயர்' என்று ஒரே வரி. கூடவே ஒரு ஃபைல்.

டீச்சர் தயங்கினார். "அண்ணாச்சி, இது படம் மாதிரித் தெரியலை. அவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொறப்போமா?"

கேட்டிருக்கலாம். ஆனால் என் புத்தி இருக்கிறதே... வருஷா வருஷம் மச்சினன் தபாலில் அனுப்புவது பெருமாள் படம் போட்ட வாழ்த்து அட்டை. பிரித்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இந்த வருஷம் அதுதான் கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"பெருமாள் வாசல்ல வந்து நிக்காரு டீச்சர். ஆளு யாருன்னு விசாரிச்சிட்டா கதவைத் தொறப்பாக?"

அவர் கிறிஸ்தவர். என் மனசு நோகக் கூடாதே என்று திறந்தார். நான் கைகூப்பி நின்றேன்.

பெருமாள் வரவில்லை. கறுப்பு ஸ்கிரீனில் வாணவேடிக்கை! சிவப்பு, பச்சை, மஞ்சள்... அம்புட்டுத்தான்.

"உங்க பெருமாள் வெடி போடுதாரே அண்ணாச்சி!" டீச்சர் சிரித்தார்.

செத்த நேரம்தான் அந்தச் சிரிப்பு.

காது கேளாத பிள்ளைகளுக்காக டீச்சர் எழுதிய பாடங்கள் அந்த மிஷினில் இருந்தன. மம்சாபுரத்திலிருந்தும் சேத்தூரிலிருந்தும் அவரிடம் வரும் பிள்ளைகளுக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து, ரெண்டு வருஷமாக டைப் அடித்தவை. ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் வெறும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை.

பம்பாய்க்குப் போன் போட்டேன். "அத்தான், நான் ஒண்ணுமே அனுப்பலையே!" என்கிறான் மச்சினன். அவன் மிஷினுக்குள் புகுந்த சனியன் அவன் பேரைப் போட்டுக்கொண்டு இங்கே வந்திருக்கிறது.

டீச்சர் மெயிலைப் பார்த்தார். அதே வாழ்த்து இப்போது அவர் பேரில், அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் போயிருந்தது.

"அண்ணாச்சி... ஜமால் சாருக்கும் போயிருக்கு."

ஜமால் சார் மதுரையில் இதே மாதிரிப் பிள்ளைகளுக்கு வாத்தியார். பாடங்களின் இன்னொரு நகல் அவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. உலகத்திலேயே அது ஒன்றுதான் மிச்சம்.

போன் போட்டால் என்கேஜ்டு. மறுபடியும் என்கேஜ்டு. அவர் இன்டர்நெட்டில் இருக்கிறார் — அதே போன் லைனில்! நான் பெருமாளைக் கூப்பிட்டேன். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். ஒருவழியாக மணி அடித்தது.

"சார், என் பேர்ல வாழ்த்து வந்தா திறக்காதீங்க..."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "இப்பத்தாம்மா பார்த்தேன். வாணம் பிரமாதம்! உங்க பேரைப் பார்த்ததும் முதல் வேலையா அதைத்தான் திறந்தேன்!"

டீச்சர், "தேங்க்ஸ் சார்" என்றார், மெதுவாக.

அப்போதுதான் வைதேன். திருடன்கூடத் தனக்கு ஆகுமென்றுதான் எடுத்துப் போவான். இந்தச் சனியனை ஏவிவிட்ட பாவிக்கு என்ன கிடைத்தது? மச்சினன் மேல் எனக்கிருந்த பாசம், டீச்சர் மேல் ஜமால் சாருக்கிருந்த மரியாதை — இதையல்லவா சாவியாக்கி உள்ளே வந்திருக்கிறான்!

ஆகவே, வாழ்த்தோடு ஃபைல் வந்தால், தெரிந்தவர் பேராக இருந்தாலும், "நீதானா அனுப்பினே?" என்று கேட்டுவிட்டுத் திறவுங்கள். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். விசாரித்துவிட்டுக் கும்பிட்டால் சாமி ஒன்றும் குறைந்துபோக மாட்டார். உங்கள் உழைப்பை ஃப்ளாப்பியில் ஒரு நகல் எடுத்து பீரோவில் வையுங்கள்.

முந்தாநாள் சென்டருக்குப் போனேன். டீச்சர் முதலிலிருந்து ஆரம்பித்து நாலாவது பாடத்தில் இருந்தார். "உக்காருங்க அண்ணாச்சி, உங்களுக்கு மெயில் வந்திருக்கான்னு பாக்கேன்" என்றார், எதுவுமே நடக்காத மாதிரி.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.