ழானெத் திரையில் இல்லாத பொன்மணி

1989-இல் காரைக்காலில் ஒரு தனியார் விதைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைக் கற்றுக்கொண்டவர்களில் விற்பனையைப் பார்த்துக்கொண்ட ழானெத்தும் ஒருவர். பிரான்ஸுக்குப் போன கணவர் அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து யாரையும் அவர் நம்புவதில்லை.

கிடங்குப் பொறுப்பாளர் உத்திராபதி மூட்டை இருப்பைத் தன் திரையில் பதிவார். ‘விதை’ என்ற அந்த அட்டவணை அவர் பெயரில் இருந்தது. மற்றவர்கள் பார்க்க வேண்டுமானால் ‘உத்திராபதியின் விதை’ என்று உடையவர் பெயரையும் சேர்த்துத் தட்ட வேண்டும். அது தொல்லையென்று, ‘விதை’ என்றாலே வரும்படி சென்னையிலிருந்து வந்த பொறியாளர் ஒரு பொதுப்பெயர் வைத்துக் கொடுத்திருந்தார்.

சம்பா பருவத்துக்குப் பொன்மணி நெல் விதை கேட்டு சுரக்குடி விவசாயி முத்தையன் வந்தார். ழானெத் திரையைப் பார்த்தார்.

“இல்லீங்க.”

“கிடங்குல அடுக்கியிருக்கு, இப்பதாங்க பார்த்தேன்.”

உத்திராபதி சொந்தக்காரர்களுக்கு ஒதுக்குகிறார் என்று ழானெத்துக்குத் தோன்றியது. உத்திராபதி சிரித்தாலும் சந்தேகம், போனில் குரலைத் தாழ்த்தினாலும் சந்தேகம். மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் கிடங்குச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

உத்திராபதி நேரே ழானெத்திடம் வந்தார்.

“என் திரையில பொன்மணி இருக்குதுங்க. வந்து பாருங்க.”

“நான் வர்றதுக்குள்ள மாத்தியிருப்பீங்க.”

“அப்ப உங்க திரையிலயே என் பேரைச் சேர்த்துத் தட்டுங்க.”

தட்டினார். பொன்மணி இருந்தது. வெறும் ‘விதை’ என்று தட்டினார். இல்லை. அப்படியானால் ‘விதை’ என்ற பெயரில் அட்டவணை இரண்டு. இன்னொன்றை ஒளித்து வைத்தவர் யார்? உடையவர் பெயரைத் தேடினார். ‘ழானெத்’ என்று வந்தது.

பொன்மணி லோடு வருவதற்கு முன்பு, பழகிப் பார்க்க அட்டவணையை அதே பெயரில் தனக்கொரு நகல் எடுத்திருந்தார், அதை மறந்தும் போயிருந்தார். கம்ப்யூட்டர் முதலில் அவரவர் சொந்த அட்டவணையைத்தான் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் பொதுப்பெயருக்குப் போகும்.

நகலை அழித்துவிட்டு மேனேஜரிடம் போய், தப்பு தன்னுடையது என்றார். சாவி உத்திராபதியிடம் திரும்பி வந்தது. ழானெத் முத்தையனுக்கு ஆள் அனுப்பினார். அவர் அதற்குள் நாகப்பட்டினத்தில் விதை வாங்கிவிட்டார்.

“மனசுல வச்சுக்காதீங்க,” என்றார் ழானெத்.

“சரிங்க,” என்றார் உத்திராபதி. ஆனால் அதன் பிறகு, பக்கத்தில் ஒரு சாட்சி இல்லாமல் அவர் கிடங்கைத் திறக்கவே இல்லை.