தங்கையின் வில்லில் தடவிய எண்ணெய்

செக்கிலிருந்து இறங்கிய மல்லாட்டை எண்ணெய்க்கு, அதாவது கடலை எண்ணெய்க்கு, ஒரு பச்சை வாடை உண்டு. விரலைவிட்டு எளிதில் போகாது. அந்த எண்ணெயை என் தங்கை அமுதாவின் வயலின் வில்லில் தடவியவன் நான்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது, அவளுக்குப் பன்னிரண்டு.

கள்ளக்குறிச்சியில் ஒரே வாத்தியாரிடம் இருவரும் கற்றோம். வீட்டில் வயலின் ஒன்றுதான். தேர்த் திருவிழா மேடையில் நன்றாக வாசிப்பவருக்கே அது என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் என்னைவிட நன்றாக வாசிப்பாள். முதலில் வாசித்து முடித்த நான், எண்ணெய் தோய்ந்த கைக்குட்டையால் வில்லின் முடியை நீவிவிட்டு அவளிடம் கொடுத்தேன். எண்ணெய் பட்ட வில் தந்தியைப் பற்றாது, வழுக்கும்.

அவள் இழுத்தாள், வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னா பாப்பா, வயலினுக்குத் தொண்டக்கட்டா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அழுவாள் என்று காத்திருந்தேன். அவளோ வில்லை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வயலினை இடுப்பில் குறுக்காக அணைத்து, தந்திகளை விரலால் சுண்டிக்கொண்டு, கல்வராயன் மலையிலிருந்து மல்லாட்டை பிடுங்க வரும் பெண்கள் பாடும் ஒரு பாட்டை உரக்கப் பாடினாள். சிரித்தவர்களே கை தட்டித் தாளம் போட்டார்கள்.

"பொட்டப் புள்ள எழுந்து நின்னு கத்துது, மானம் போச்சி" என்று அப்பா அவள் வகுப்பை நிறுத்தினார். வயலின் எனக்கு வந்தது. மறு வருடமே எனக்கு அது சலித்துப்போனது.

அமுதா பிறகு உளுந்தூர்பேட்டை மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடினாள். சென்னைக்குப் போய், முப்பது வயதில் வில்லைத் தானே மறுபடி பழகி, ராக் குழுவொன்றில் மின்சார வயலினைத் தோளில் ஏந்திப் பாடத் தொடங்கினாள். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற நான் அவள் வீடியோக்களைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். வயலின் எப்படி லாரி ஹாரன் போல அலறுகிறது? வாசித்துக்கொண்டே பாடுகிறவள் தாடையை எங்கே வைக்கிறாள்? நான் எண்ணெய் தடவாதிருந்தால் அவள் எழுந்து நின்றிருப்பாளா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு வசதியாகவும் இருந்தது.

சென்ற ஆண்டு கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் பாட வந்தாள். மேடைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணா. அன்னிக்கே வில்ல மோந்து பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அப்பா உன்ன அடிச்சிருப்பாரு. எனக்கு வயலின் குடுத்திருப்பாரா? இப்ப இன்னா, உன்னாலதான் நான் பாடகி ஆனேன்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

மேடையேறி எல்லோர் முன்னும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம்ணா. ரெண்டு மணி நேரந்தான் குடுத்திருக்காங்க. அதுல உன் அழுகைக்கு எடமில்ல. கீழ நின்னு கேளு."

நின்று கேட்டேன். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அவள் பாட்டை நான் நேரில் கேட்டது அதுவே முதல்முறை.

கள்ளக்குறிச்சியில் வாத்தியார் வீடு இருந்த இடத்தில் இன்று மோட்டார் பம்பு விற்கிறார்கள். அந்தத் திருவிழா மேடையும் இல்லை. கச்சேரி முடிந்து இறங்கியவளிடம், அன்று என்ன வாசிப்பதாக இருந்தாய் என்று கேட்டேன். துண்டால் கழுத்தைத் துடைத்தபடி யோசித்தாள்.

"ஒரு மாசமா அதையேதான் வாசிச்சிக்கினு இருந்தேன். இன்னா பாட்டுன்னு மறந்துபோச்சிண்ணா."